தாலி கட்டிய பிறகு கெட்டிமேளமா?

கேள்வி: அக்கா திருமண டிவிடியைக் கணினியில் ஏற்றி எடிட் செய்தேன். போகப் போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். தாலி கட்டி முடித்த பிறகுதான் கெட்டிமேளம் கேட்கிறது. சரி செய்ய முடியுமா?
– வாசகர், பாரூர்

பதில்: முடியும். முதலில் வட்டை விஎல்சி பிளேயரில் நேரடியாக ஓடவிடுங்கள். அங்கே சரியாக இருந்தால், பழுது நகலெடுத்த விதத்தில்தான். டிவிடியில் படம் 1 ஜிபிக்கு மிகாத விஓபி கோப்புகளாகத் துண்டுபட்டிருக்கும். அவற்றைத் தனித்தனியே இழுத்துப் போடாமல், மேக்எம்கேவி மென்பொருள் மூலம் ஒரே கோப்பாக்குங்கள்.

அடுத்து, தவிலில் கோல் விழும் இடங்களைத் தொடக்கத்திலும் முடிவிலும் பாருங்கள். இரண்டிலும் படத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளி ஒன்றேயானால் வேலை எளிது. நம் ஊர் டிவிடியில் நொடிக்கு 25 பிரேம். ஒரு பிரேம் 40 மில்லி நொடி. ஒலி 5 பிரேம் பிந்தினால், அவிடெமக்ஸ் மென்பொருளில் அதை 200 மில்லி நொடி முன்னே நகர்த்துங்கள்.

உங்களுக்கு நேர்ந்ததுபோல் இடைவெளி வளர்ந்தால் நகர்த்திப் பயனில்லை. எடிட்டிங் மென்பொருளில் படம் 30 பிரேமிலோ, ஒலி 44,100 ஹெர்ட்ஸிலோ இருக்கக்கூடும். 25 பிரேம், 48,000 ஹெர்ட்ஸ் என அமைத்துவிட்டு, கோப்பைப் புதிதாக ஏற்றுங்கள். நடுவில் திடீரென விலகினால் வட்டில் கீறல் இருக்கலாம். அந்த இடத்தில் வெட்டி, பிற்பகுதியை மட்டும் பொருத்துங்கள்.

வீட்டில் எழுதிய டிவிடியின் சாயம் காலப்போக்கில் மங்கும். எடிட்டிங் பிறகு ஆகட்டும். இன்றே முழு வட்டுக்கும் இரண்டு நகல் எடுத்துவிடுங்கள்.