எல்லோருக்கும் மூச்சு இருபதா?

ஒரு வார்டில் நர்சிங் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் முதலில் பார்ப்பது காய்ச்சல், நாடி, மூச்சைக் குறிக்கும் டி.பி.ஆர். சார்ட்டின் மூச்சுக் கட்டத்தைத்தான். காய்ச்சலைத் தெர்மாமீட்டர் சொல்லிவிடும். நாடியையும் ஆக்சிஜனையும் விரலில் மாட்டிய கருவி சொல்லிவிடும். மூச்சை மட்டும் ஆள் நின்று எண்ண வேண்டும். கட்டில் கட்டிலாக 20, 20, 20 என்று இருந்தால் அங்கே யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நோயாளி மோசமாகப் போவதைப் பல நேரம் பிரஷர் இறங்குவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் எண் இது. பிரிட்டனில் 2012-இல் வந்த ‘நியூஸ்’ என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு 25-ஐத் தொட்டாலே 3 மதிப்பெண், டாக்டரைக் கூப்பிட்டாக வேண்டும். இருபதுக்கு? பூஜ்யம். கண்ணை மூடிக்கொண்டு எழுதும் இருபது, எச்சரிக்கை மணியையே கழற்றி வைத்துவிடுகிறது.

கோவையில் மாணவிகளை வார்டுக்கு அழைத்துப் போகும்போது இதை நான் பாடமாக நடத்துவதில்லை. நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பார்வையை நெஞ்சில் வைத்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணச் சொல்வேன். எண்ணுவது நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சு மாறிவிடும். கட்டிலின் அந்தப் பக்கம் நின்று நானும் எண்ணுவேன். ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதி மாற்றிக்கொள்வோம். இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஒரு வாரம் இப்படிப் போனால் சார்ட்டில் 17, 23, 26 எல்லாம் வரத் தொடங்கும்.

மாணவிகளை மதிப்பிடும் விதத்தில்தான் எனக்கு வருத்தம். ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் போட்டு, படம் வரைந்து, சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதிய கேர் பிளானுக்கு நாம் தாராளமாக மார்க் போடுகிறோம். மேசை மேசையாகப் போய்ச் செய்துகாட்டும் ஓஸ்கி செய்முறைத் தேர்வை 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்தினார். 2021-இல் இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த செமஸ்டர் பாடத்திட்டத்திலும் அது இடம்பிடித்துவிட்டது. நல்லதுதான். ஆனால் பொம்மைக்கு ஊசி போட்டதும் மணி அடித்து அடுத்த மேசைக்கு அனுப்பிவிடுகிறோம். அதையடுத்து ஒரு வெற்று நர்ஸஸ் நோட்ஸ் தாளை வைத்து, இப்போது செய்ததை நேரத்தோடு எழுதச் சொல்லிப் பாருங்கள். கை பழகிய பிள்ளைகள்கூட அங்கே திணறுவார்கள்.

பதிவு எழுதக் கற்றுக்கொடுக்க எங்கள் பக்கத்தில் பாம்புக்கடியை விட நல்ல கேஸ் கிடையாது. மஞ்சள் காடு, வாழைத் தோப்பு, கரும்பு என்று எங்கிருந்தும் வருவார்கள். எப்போது கடித்தது என்று கேட்டால், “பொழுது விழற நேரத்துல தண்ணி கட்டிட்டிருந்தனுங்க அம்மிணி” என்பார் பெரியவர். அதைக் கடிகார நேரமாக மாற்ற இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மோட்டார் கரண்ட் எத்தனை மணிக்கு வந்தது, வீட்டுக்காரம்மா எப்போது போன் செய்தார் என்று கேட்டால் வந்துவிடும். பிறகு ரத்த உறைவுப் பரிசோதனை. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் குழாய் உதவாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. முடிவை ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்று எழுதாதீர்கள். ஒருவர் விஷம் ஏறியது என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் ரத்தம் உறைந்தது என்று எடுத்துக்கொள்வார். “எடுத்தது 8.10, பார்த்தது 8.30, உறையவில்லை” என்று எழுதினால் சந்தேகமே வராது. விஷமுறிவு மருந்து தொடங்கிய நேரமும் அப்படியே. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும், அதற்குள் ஷிப்ட் மாறியிருக்கும். வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று காலிலேயே பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிடுங்கள். நைட் ட்யூட்டி சிஸ்டருக்கு அந்தக் கோடு ஒரு பக்கக் குறிப்பை விட அதிகம் சொல்லும்.

தலைக்காயத்தில் நினைவு நிலையை அளக்கும் ஜி.சி.எஸ். மதிப்பெண்ணை 10 என்று மட்டும் எழுதுவதையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. கண் 3, பேச்சு 3, அசைவு 4 என்றாலும் பத்து. கண் 4, பேச்சு 1, அசைவு 5 என்றாலும் பத்து. இரண்டும் வேறு வேறு நோயாளிகள்.

தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டில் அடித்துக் கையெழுத்துப் போடுங்கள், ஒயிட்னர் வேண்டாம். இன்சுலினுக்கு ‘யூனிட்’ என்பதை முழுதாக எழுதுங்கள். ஆங்கில ‘யு’வை மட்டும் போட்டால் அவசரத்தில் அது பூஜ்யமாகத் தெரிந்து 10 யூனிட் நூறாகிவிடும். ஷிப்ட் ஒப்படைப்பை நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து செய்யாமல் கட்டிலருகே சார்ட்டோடு நின்று செய்யுங்கள்.

ஒரே சிஸ்டர் வார்டு முழுக்க ஓடும் இடத்தில் இதற்கெல்லாம் ஏது நேரம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆள் பற்றாக்குறையைப் பேனா தீர்க்காது. அதனால் எல்லோருக்கும் ஒரே அளவு எழுதாதீர்கள். நிலையாக இருப்பவருக்கு இரண்டு வரி போதும், மிச்ச நேரத்தை மாறிக்கொண்டிருப்பவருக்குக் கொடுங்கள். மத்தியான மருந்தைக் காலையிலேயே டிக் அடித்து வைக்கும் பழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆடிட் நாளில் சார்ட் அழகாகத்தான் இருக்கும்.

கம்ப்யூட்டர் பதிவுக்கு மாறிய இடங்களில் முந்தைய ஷிப்ட் குறிப்பை அப்படியே நகலெடுக்கும் வசதி இருக்கிறது. சாப்ட்வேர் பற்றிய கூட்டத்துக்கு நர்ஸ்களைக் கூப்பிட்டால் கேட்க வேண்டிய முதல் விஷயம், மூச்சுக் கட்டத்துக்கு அந்த நகல் வசதியை எடுத்துவிடச் சொல்வது.