வீட்டுத் தோட்டத்துக்கு நீர் ஊற்றும் நேரம்

இரத்தினபுரி நகரில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. அப்படியிருந்தும் இறப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் தோட்டங்களில் பீலித் தண்ணீர் மெலிந்துவிடும். லயத்து வாசலில் நிற்கும் கத்தரியும் கொச்சிக்காயும் வாடுவது அப்போதுதான். 2022ஆம் ஆண்டு உணவு நெருக்கடியின்போது நம்மில் பலர் மரக்கறி நட்டோம். நட்டதைக் காப்பாற்ற எந்த நேரத்தில் நீர் ஊற்ற வேண்டும்?

காலையே சிறந்தது. ஸுபஹ் தொழுகைக்குப் பின், வெயில் ஏறுமுன் ஊற்றினால், குளிர்ந்த மண்ணில் நீர் வேர்வரை இறங்கும். பகல் வெப்பத்தைத் தாங்கச் செடி ஆயத்தமாகிவிடும். இலையில் தெறித்த நீரையும் வெயில் உலர்த்திவிடும்.

நண்பகலில் ஊற்றும் நீரில் ஒரு பகுதி ஆவியாகி வீணாகும். இரவில் ஊற்றினால் இலைகள் விடியும்வரை ஈரமாகவே இருக்கும். நமது பிரதேசத்தின் ஈரக் காற்றில் பூஞ்சண நோய்களுக்கு அது வாய்ப்பாகும். தக்காளி இலை கருகும், நாற்று அழுகும், நத்தையும் வரும்.

ஆனால், விடியற்காலையில் தாய்மார் பால் வெட்டவும் கொழுந்து பறிக்கவும் புறப்பட வேண்டும். பீலியடியிலும் நெரிசல். அத்தகைய வீடுகளில் அஸர் தொழுகைக்குப் பின் ஊற்றலாம். இலையை நனைக்காமல் அடியில் மட்டும் ஊற்ற வேண்டும். அல்லது அரிசியும் மரக்கறியும் கழுவிய நீரை மாலையில் வாளியில் சேர்த்து, மறுநாள் காலையில் பிள்ளைகள் ஊற்றலாம். செடியடியில் காய்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் நீடிக்கும்.

நண்பகலில் இலை தொங்கினால் உடனே வாளியைத் தூக்க வேண்டாம். வெயில் தணிந்ததும் பல செடிகள் தாமாகவே நிமிரும். விரலை மண்ணுள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் நீர் தேவையில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பின்னேரம் இடியுடன் மழை பெய்வதால், இந்தச் சோதனை அப்போது மிகவும் அவசியம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில், அதாவது ஒரு லீற்றருக்கும் குறைவான நீரில் வுழூச் செய்தார்கள் என்பது ஹதீஸ். நாம் வுழூச் செய்த நீரை ஒரு பாத்திரத்தில் ஏந்தினால், அதுவே ஒரு கொச்சிக்காய்ச் செடிக்குப் போதும். நாளைக் காலையே தொடங்குவோம்.