கல்லை எடுக்கும் ஊரும் கல்லைக் காத்த ஊரும்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி என்றவுடன் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலே பலருக்கும் நினைவில் எழும். நிலவியலார்க்கோ அது ஒரு பாறை அடுக்கின் பெயர். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகட்கு முன் இப்பகுதி கடலடியாக இருந்தபோது படிந்த, சிப்பிகள் செறிந்த சுண்ணாம்புக்கல் அடுக்கு அது. அக்கல்லே இன்று சிமெண்டு ஆலைகட்குச் செல்கிறது. அதனால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் வெட்டிய கல் மீண்டும் விளைவதில்லை. சுரங்கம் ஓய்ந்தபின் ஊர் எதனைக் கொண்டு வாழும்?

இதே மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழர் தலைநகராய் விளங்கியது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்கு அக்கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்தெடுத்தனர். அணையால் உழவர்க்கு நன்மை விளைந்தது உண்மையே. எஞ்சிய கோயில் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இன்று அவ்வூருக்கு வெளியூரார் வருவது அந்த எஞ்சியதைக் காண்பதற்கே.

நம் சமயத்தார் ஊன்றி நோக்க வேண்டியது மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி. அங்குள்ள குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் உள்ளன. தீர்த்தங்கரர் புடைப்புருவமும் வட்டெழுத்துக் கல்வெட்டும் உள்ளன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த 193 எக்டேர் நிலம் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இலோ அந்நிலத்தையும் உட்கொண்ட பகுதி டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டது. ஊரார் கிராம சபைகளில் தீர்மானம் இயற்றினர். சட்டமன்றமும் டிசம்பரில் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் ஏலம் கைவிடப்பட்டது.

அம்மலையைக் காக்க எழுந்தோர் சமணர் அல்லர், சுற்றூர் உழவர்கள். நம் குடும்பங்கள் பெரும்பாலும் வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பகுதிகளில் வாழ்கின்றன. தென்மலைகளில் நம் முனிவர்கள் தவமிருந்த படுக்கைகளைக் காக்க நம்முள் எத்தனை பேர் சென்றோம்? சென்றாலும் பேருந்தில் இறங்கித் தரிசித்து, கட்டுச்சோற்றை உண்டு, அன்றே திரும்பிவிடுகிறோம். ஊராருக்கு அதனால் பயன் யாது?

யாத்திரைக் குழுவினர் ஓரிரவேனும் அண்மையூரில் தங்கலாம். சூரியன் மறையுமுன் மரக்கறி உணவு வேண்டுமென முன்னரே சொல்லிவைத்தால் அவ்வூர்ப் பெண்களே சமைத்தளிப்பர். வழிகாட்ட உள்ளூர் இளைஞரை அமர்த்தலாம். பக்தி மிகுதியால் பழஞ்சிற்பங்களுக்கு எண்ணெய் பூசுவதையும் வண்ணம் தீட்டுவதையும் அறவே விட வேண்டும். எழுத்துக்கள் மறைய அவையும் காரணமாகலாம்.

கல்லங்குறிச்சிக்கும் இது பொருந்தும். அரியலூர் வட்டாரப் புதைபடிவங்களுக்கு வாரணவாசியில் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. பெட்டியிலுள்ள சிப்பியைக் கண்ட மாணவர், அது கிடந்த அடுக்கையும் காண வேண்டாவோ? ஓய்ந்த சுரங்கமொன்றின் ஒரு பக்கச் சுவரையேனும் வெட்டாது, மூடாது விட்டுவைத்து, இறங்கிக் காணப் படிகள் அமைத்தால் அதற்கு வழி பிறக்கும்.