வானூர்தி வாங்கும் வகை

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் 'டித்வா' என்னும் சூறாவளி நம் நாட்டை அலைக்கழித்தபோது, மண்சரிவினால் வீதிகள் துண்டுபட்டு, நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்கள் பல தனித்தீவுகள் போலாயின. அந்நாட்களில் உலங்கு வானூர்திகளின் ஓசை மலைகளுக்கு மேலே கேட்கும்போதெல்லாம் சிறுவரும் முதியோரும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தனர். அவ்வூர்திகளுட் சில நம் நாட்டினுடையன. சில இந்தியாவினின்றும் வந்தவை. கல்லூரி மீளத் திறந்தபின் ஒருநாள், பத்தாம் வகுப்பிலே கட்டுரைப் பாடம் நடந்துகொண்டிருந்த வேளையில், மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நமது நாட்டிலே இவை ஏன் போதிய அளவில் இல்லை? பணங்கொடுத்தால் வாங்கலாந்தானே?" என்று வினவினான். நாமோ தமிழாசிரியர். உலங்கு வானூர்தியைப் பற்றி அதுகாறும் நாம் அறிந்திருந்தது, அப்பெயர் நம் இலங்கைத் தமிழுக்கு எத்துணை அழகாக வாய்த்துள்ளது என்பது ஒன்றே. அடுத்த கிழமை விடை கூறுவதாகச் சொல்லி அவனை அமர்த்திவிட்டு, நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் புரட்டலானோம். ஒரு கிழமை போதவில்லை. தேடியவற்றுட் சிலவற்றை இம்மலரின் வாயிலாக எல்லார்க்கும் பொதுவாக வைக்கின்றோம்.

வள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசன் ஒரு வினையை மேற்கொள்ளுமுன் எண்ணவேண்டியவை இவை. படைக்கு வானூர்தி கொள்வனவு செய்யும் இக்காலத்து அமைச்சுக்கும் இந்நான்கையும் விட்டால் வேறு வழியில்லை என்பதே நாம் கண்டது. இடத்திலிருந்தே தொடங்குவோம், மலைநாட்டார்க்கு அதுவே முதலில் விளங்குவது.

உலங்கு வானூர்தி காற்றைக் கீழே தள்ளித் தான் மேலே எழுவது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறையும். வெப்பம் மிகினும் குறையும். நுவரெலியா நகர் கடல் மட்டத்தினின்றும் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்திற் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதினும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகவே, கட்டுநாயக்காவிலே பத்துப் பேரைத் தூக்கும் ஓர் ஊர்தி, நம் மலைச்சரிவிலே அந்தரத்தில் நின்று அதே பத்துப் பேரைத் தூக்கும் என நம்பலாகாது. விற்பவன் காட்டும் அழகிய ஏட்டிலே எழுதியிருப்பது பெரும்பாலும் கடல் மட்டக் கணக்கு. வாங்குபவன் தன் நாட்டு மலையையும் வெயிலையும் கொண்டு அக்கணக்கைத் திரும்பப் போடல் வேண்டும். இமயத்திற் பனிமலைக் காவல் புரியும் இந்தியப் படையினர்க்கு இது நன்கு தெரியும். அவர்கள் அங்கே பயன்படுத்தும் 'சீட்டா' என்பது பிரான்சு நாட்டு 'லாமா' ஊர்தியின் உரிமம் பெற்றுப் பெங்களூரிலே கட்டப்பட்டது. அந்த 'லாமா' 1972 இல் 12,442 மீற்றர் உயரத்துக்கு ஏறிச் சாதனை நாட்டியது. சிறிய ஊர்திதான், இடத்துக்கேற்ற ஊர்தி.

இடம்பற்றிய ஓர் எண் ஒரு நாட்டையே கலக்கிய கதையும் உண்டு. இந்தியக் குடியரசுத் தலைவர், பிரதமர் முதலியோர் செல்வதற்காக 12 உலங்கு வானூர்திகளை வாங்க 2010 இல் ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஊர்தி 'அகஸ்டாவெஸ்ட்லாண்ட்' நிறுவனத்தின் ஏ.டபிள்யூ. 101, விலை ஏறத்தாழ 55 கோடியே 60 இலட்சம் யூரோ. முதலில் எழுதப்பட்ட தேவைப் பட்டியலில், ஊர்தி 6,000 மீற்றர் உயரத்துக்குப் பறக்கவல்லதாயிருத்தல் வேண்டும் என்றிருந்தது. பின்னர் அது 4,500 மீற்றராகக் குறைக்கப்பட்டது. அவ்வெண் ஏன் மாறிற்று, யார் பொருட்டு மாறிற்று என்பதே பிற்காலத்திற் பெரும் வழக்காயிற்று. மூன்று ஊர்திகள் வந்து சேர்ந்த நிலையில் 2014 சனவரி முதலாம் நாள் ஒப்பந்தம் இரத்துச் செய்யப்பட்டது. தேவையை எழுதும் எழுத்தரின் பேனா முனையிலே கோடிக்கணக்கான பணம் தொங்குகிறது என்பதை நம் வணிகக் கல்வி மாணவர் குறித்துக்கொள்வாராக.

இனி, காலத்துக்கு வருவோம். நம் நாட்டு விமானப்படை 1951 இல் 'இலங்கை அரச விமானப்படை' என்னும் பெயரோடு தோன்றியது. 1959 இல் பிரித்தானியாவினின்றும் 'ஜெட் புரொவஸ்ட்' என்னும் பயிற்சி விமானங்கள் 12 வாங்கப்பட்டன. சில ஆண்டுகளில் அவை சீனன்குடாவிலே பூட்டி வைக்கப்பட்டன. 1971 ஏப்ரலிற் கிளர்ச்சி வெடித்தபோது, பூட்டிக் கிடந்தவற்றையே அவசரம் அவசரமாகத் துடைத்து எண்ணெய் இட்டுப் பறக்கவிட்டனர். போதாமையால் உலகெங்கும் உதவி கேட்கப்பட்டது. சோவியத் நாடு மிக்-17 விமானங்களையும் காமோவ் உலங்கு வானூர்திகளையும் தந்தது. அமெரிக்கா 'பெல்' உலங்கு வானூர்திகளை வழங்கியது. இந்தியாவும் ஊர்திகளை அனுப்பியது. அவசரத்தில் வந்த உதவியைக் குறை கூறுவது நன்றியன்று. ஆயினும் அன்று தொடங்கிய ஒரு நோய் பின் நீங்கவேயில்லை. அது யாதெனில், ஒரே கொட்டகையிற் பல தேசத்து யந்திரங்கள் நிற்பது.

1983 இன் பின் மூண்ட போர்க்காலத்தில் இந்நோய் முற்றிற்று. மேல்நாடுகள் சில படைக்கலம் விற்கத் தயங்கின. விற்பவர் யாரோ அவரிடமே வாங்க நேர்ந்தது. இத்தாலியின் மார்க்கெட்டி, சீனத்தின் வை-12, வை-8, எப்-7, ஆர்ஜென்டீனாவின் புக்காரா, இஸ்ரேலின் கிபிர், சோவியத் வழிவந்த எம்.ஐ.-17, எம்.ஐ.-24, மிக்-27, அமெரிக்க வழிவந்த பெல் 206, 212, 412 என அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கருவி, வேறு வேறு கையேடு, வேறு வேறு உதிரிப்பாகம், வேறு வேறு பயிற்சி. சில கையேடுகள் உருசிய மொழியிலும், சில சீன மொழியிலும் பிறந்தவை. நம் தோட்டத் தொழிற்சாலையிலே கொழுந்தரைக்கும் ரோலர்கள் நான்கும் நான்கு கம்பனியாருடையவாக இருந்தால் எஞ்சின்காரர் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ஆர்ஜென்டீனப் புக்காராக்கள் 1993 இல் நான்கு வந்தன. வந்த காலத்திலேயே அவ்வகை விமானத்தின் உற்பத்தி அங்கே நின்றுபோயிருந்தது. போரிற் பெரும்பாலானவை அழிய, எஞ்சியதும் உதிரிப்பாகம் இன்மையால் 1999 இல் நிறுத்தப்பட்டது.

இவ்விமானங்கள் எத்திசை நோக்கிப் பறந்தன, எவர் வீட்டின்மேல் அவற்றின் நிழல் விழுந்தது என்பதை இம்மலரைப் படிப்போர் அறிவர். வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த நம் பழைய மாணவர் சிலர் அவ்வோசையை இன்றும் உறக்கத்திற் கேட்கின்றனர். அதனை எழுதுதற்கு இக்கட்டுரை இடமன்று. எழுதாமையால் மறந்தோம் என்று எவரும் கொள்ளற்க.

அடுத்தது தெரிந்து செய்தல். 2006 இல் உக்ரைன் நாட்டினின்றும் நான்கு மிக்-27 விமானங்கள் வாங்கப்பட்டன. முன்னரே நம்மிடம் இருந்தவற்றைப் பழுதுபார்ப்பதும் சேர்ந்து ஒப்பந்தத் தொகை ஏறத்தாழ 1 கோடியே 46 இலட்சம் அமெரிக்க டொலர். இக்கொள்வனவைப் பற்றிக் கொழும்புப் பத்திரிகைகள் வினாக்கள் எழுப்பின. விமானங்களின் வயது என்ன? 2000 ஆம் ஆண்டளவில் வாங்கியபோது கொடுத்த விலையினும் கூடிய விலை ஏன்? அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஒப்பந்தமாயின், பணம் மூன்றாம் நாட்டிற் பதிவான ஒரு நிறுவனத்தின் கைக்குச் செல்வது எவ்வாறு? இவ்வினாக்கள் பின்னர்ப் பொலிஸ் விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் சென்றன. குற்றவாளி யார் என்று கூறுவது நீதிமன்றத்தின் தொழில், நம்முடையதன்று. ஆயினும் அவ்வினாக்கள் கொள்வனவுக்கு முன்னரே பாராளுமன்றத்திற் கேட்கப்பட்டு விடை பெற்றிருக்க வேண்டியவை. போர்க்காலத்து இரகசியம் என்பது பகைவனுக்கு மறைப்பது. வரி செலுத்தும் குடிமகனுக்கு விலையை மறைப்பது அன்று.

ஊழலுக்கு அஞ்சி ஒன்றுமே வாங்காதிருத்தலும் ஒரு கேடே. இந்தியத் தரைப்படை தன் பழைய 'சீட்டா', 'சேட்டக்' ஊர்திகளுக்குப் பதிலாக 197 இலகு ஊர்திகள் வாங்க முயன்றது. 2007 இல் ஒருமுறை, 2014 இல் மறுமுறை எனக் கேள்விப்பத்திரம் இரத்தாயிற்று. 2015 இல் உருசியாவுடன் காமோவ்-226 ஊர்திக்கென்று செய்த உடன்பாடும் பலன் தரவில்லை. விமானிகளோ பழைய ஊர்தியிலேயே பனிமலை ஏறினர். 'டித்வா' காலத்திற் கொழும்புத் துறையில் நின்ற இந்தியக் கப்பல் 'விக்ராந்த்' அனுப்பிய 'சேட்டக்' ஊர்திகள் நம்மவரைக் காத்தன. அவ்வடிவம் பிரான்சிலே முதன்முதற் பறந்தது 1959 இல் என்று அறிந்தபோது நாம் வியந்தோம். கனடாவில் வாழும் நம் பழைய மாணவர் வேறொரு கதையை அறிவர். அங்கே கடற்படையின் 'சீ கிங்' ஊர்திகளுக்குப் பதிலாகப் புதியன வாங்க ஓர் அரசு ஒப்பந்தம் செய்தது. 1993 தேர்தலில் வென்று வந்த மற்றோர் அரசு அதனை இரத்துச் செய்தது. ஓர் ஊர்தியும் வாராமலே ஏறத்தாழ 50 கோடி கனேடிய டொலர் நட்டமாயிற்று. 1963 இற் சேவைக்கு வந்த 'சீ கிங்' 2018 வரை பறந்தது.

வலியறிதலை இறுதிக்கு வைத்தோம். மாணவன் கேட்ட வினாவின் நெஞ்சு அதுவே. பணங்கொடுத்தால் வாங்கலாம் என்பது உண்மை. ஆனால் ஒரு தோட்டம் லொறி வாங்கினால் விலையோடு செலவு முடிவதில்லை. சாரதி, டயர், எண்ணெய், திருத்தம் என ஆண்டுதோறும் தொடரும். வானூர்தியின் நிலை இதனினும் பன்மடங்கு கடிது. அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் இத்தனை மணி நேரம், இத்தனை ஆண்டு என்று ஆயுள் விதித்திருக்கும். சுழல் தகடு பார்வைக்குப் புதிதாயிருப்பினும் நாள் முடிந்தால் கழற்றியே ஆகவேண்டும். முழுப் பழுதுபார்ப்புக்குச் செய்த நாட்டுக்கே அனுப்ப நேர்வதும் உண்டு. உருசியாவும் உக்ரைனும் 2022 இற் பொருதத் தொடங்கியபின், அவ்விரு நாட்டு யந்திரங்களை வைத்திருந்த ஏழை நாடுகள் பட்ட இடர் பெரிது. அதே ஆண்டு ஏப்ரலில் நம் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லாத நாட்களில் சுழல் தகட்டுக்கு எங்கே போவது? அவ்வாண்டு ஆகஸ்ட் 15 இல் இந்தியா ஒரு டோர்னியர் விமானத்தைக் கையளித்தது. நன்கொடையும் பெட்ரோல் குடிக்கும் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

டொலர் எங்கிருந்து வருகிறது என்பதை வகுப்பிலே ஒரு கணக்காகவே போட்டோம். நம்மிடம் உள்ள கிபிர் விமானங்கள் ஐந்தைப் புதுப்பிக்க 2021 இல் இஸ்ரேலிய நிறுவனத்தோடு ஏறத்தாழ 5 கோடி டொலருக்கு ஒப்பந்தமாயிற்று. அவ்வாண்டிலே நம் தேயிலை ஏற்றுமதி 28 கோடியே 60 இலட்சம் கிலோ; வருவாய் 132 கோடி டொலர். ஆகவே கிலோ ஒன்றுக்கு 4 டொலர் 60 சதம் எனக் கொள்ளலாம். 5 கோடி டொலருக்கு 1 கோடியே 8 இலட்சம் கிலோ தூள் வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து எனின், 4 கோடியே 86 இலட்சம் கிலோ கொழுந்து. ஒரு பேருக்கு 18 கிலோ என்னும் தோட்டக் கணக்கின்படி 27 இலட்சம் பேர், அதாவது 27 இலட்சம் நாள் வேலை. ஏற்றுமதி வருவாய் முழுதும் அரசின் கைக்கு வருவதில்லை, உரத்துக்கும் எரிபொருளுக்கும் கழிவு உண்டு என்பதையும் சொல்லி வைத்தோம். 18 கிலோ எடுக்க முடியாமல் அரைப்பேரோடு வீடு திரும்பும் தாய்மாரின் பிள்ளைகள் அவ்வகுப்பிலே பலர். கணக்கு முடிந்ததும் வகுப்பு சிறிது நேரம் பேசாதிருந்தது.

இவையெல்லாம் கேட்டு, வானூர்தியே வேண்டாம் என்று நாம் கூறுவதாக மாணவர் கொண்டுவிடலாகாது. 2025 மே 9 இல் மாதுறு ஓயாவிலே ஒரு பெல் 212 ஊர்தி வீழ்ந்து அறுவர் மாண்டனர். அதே ஆண்டு நவம்பர் 30 இல், வெள்ள நிவாரணத்துக்குச் சென்ற மற்றொரு பெல் 212 வென்னப்புவைக்கு அண்மையில் லுணுவிலவில் வீழ, அதன் விமானி உயிர் நீத்தார். 1980களிலிருந்து நம் படையில் உள்ள வகை அது. விபத்துக்குக் காரணம் வயது என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை; அது ஆராய்வோர் பொறுப்பு. ஆயினும் பிறர் உயிரைக் காக்கச் செல்வோரை நல்ல ஊர்தியில் அனுப்புவது நாட்டின் கடன். நம்மைக் கேட்டால், அதிவேகப் போர்விமானத்தைப் புதுப்பிக்கும் பணத்தை முதலில் உலங்கு வானூர்திக்கே செலவிடலாம் என்போம். வெள்ளத்திலும் மண்சரிவிலும் கிபிர் ஒருவரையும் தூக்கியதில்லை. வகைகளைக் குறைத்து, இரண்டு அல்லது மூன்று வகையோடு அமைந்து, இருபது ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் விலையோடு சேர்த்துப் பாராளுமன்றத்தில் வைத்து, மலைநாட்டு உயரத்திலே பறக்கவிட்டுச் சோதித்தபின் வாங்கலாம். படைத்துறை வல்லார் இதனை மறுக்கக்கூடும். மறுப்பாராயின் காரணத்தோடு எழுதுக. அடுத்த மலரில் இடம் உண்டு என ஆசிரியர் குழுவினர் கூறியுள்ளனர்.

வினாக் கேட்ட மாணவன் இப்போது பௌதிகவியல் கற்க விரும்புகின்றான். வானூர்தித் திருத்தத் தொழிலிலோ பொறியியலிலோ பயின்ற பழைய மாணவர் எவரேனும், உள்நாட்டில் இருப்பினும் வெளிநாட்டில் இருப்பினும், விடுமுறைக்குப் பூண்டுலோயா வரும்போது ஒரு மணி நேரத்தை நம் உயர்தர வகுப்புக்கு ஒதுக்கித் தருமாறு வேண்டுகின்றோம். சுழல் தகட்டின் வளைவைக் கரும்பலகையிலே வரைந்து காட்ட நாம் முயன்றோம். அது வாழையிலை போல வந்துவிட்டது.