முழங்கால் வலிக்கு மூலிகை மாத்திரைகள்: மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்

முழங்கால் மூட்டுத் தேய்மானத்திற்காக எங்களிடம் வருவோரிடம், "வேறு மருந்து ஏதேனும் உட்கொள்கிறீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றே பெரும்பாலும் விடை வரும். உடன் வந்த மகளோ மருமகளோ தயங்கியபடி, "அந்த மஞ்சள் மாத்திரை..." என்று தொடங்கும்போதுதான் உண்மை வெளிப்படும். மூலிகையை மருந்தாகக் கருதாமை ஒரு காரணம்; மருத்துவர் கடிந்துகொள்வார் என்ற அச்சம் மற்றொன்று. இரண்டாவதில் எங்கள் தவறும் உண்டு.

இவை அனைத்தும் பயனற்றவை என்று நாங்கள் கூறவில்லை. 2014-இல் வெளியான தாய்லாந்து ஆய்வொன்றில் முழங்கால் தேய்மானம் உடைய 367 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 1500 மில்லிகிராம் மஞ்சள் சாரமும், மறு பிரிவினருக்கு 1200 மில்லிகிராம் ஐபுபுரூஃபெனும் தரப்பட்டன. நான்கு வார முடிவில் இரு பிரிவினருக்கும் வலி ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது. வயிற்றுத் தொல்லை மஞ்சள் பிரிவில் குறைவு. 'சல்லகி' என்று விற்கப்படும் போஸ்வெல்லியா மரப்பிசினுக்கும் ஓரளவு சான்று உண்டு. அதே ஆண்டு வெளியான காக்ரேன் தொகுப்பாய்வில், அதன் செறிவூட்டிய சாரத்தை 90 நாள்கள் உட்கொண்டவர்களின் வலி, 100 புள்ளி அளவுகோலில் 17 புள்ளிகள் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆயினும் அம்முடிவுக்கு அடிப்படையான ஆய்வுகள் சிறியவை.

வலி குறைவது வேறு. தேய்ந்த மூட்டு வளர்வது வேறு. 2020-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 70 பேர் 12 வாரங்கள் கண்காணிக்கப்பட்டனர். மஞ்சள் சாரம் உட்கொண்டோருக்கு வலி குறைந்தது, எம்.ஆர்.ஐ. படத்திலோ மூட்டின் நீர்வீக்கத்திலும் குருத்தெலும்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 'குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும்' என்னும் விளம்பரத்தை நம்பிப் பணம் செலவிடாதீர்கள்.

குழம்பில் இடும் மஞ்சளையும் மாத்திரையையும் ஒன்றாக எண்ணலாகாது. மாத்திரையில் குர்குமின் செறிவாக உள்ளது. உடலில் எளிதில் சேர்வதற்காக மிளகின் பைப்பரினையும் பலர் சேர்க்கின்றனர். அரிதாக இது கல்லீரலைப் பாதிக்கிறது. 2023-இல் ஆஸ்திரேலிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதுபற்றி எச்சரித்தது. கண் மஞ்சளித்தல், சிறுநீர் அடர்நிறமாதல், காரணமற்ற அரிப்பு ஆகியவை தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வாருங்கள். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்வோர் எங்களைக் கேளாமல் தொடங்கவே கூடாது. முடக்கறுத்தான் தோசைக்கும் பிரண்டைத் துவையலுக்கும் எங்கள் மறுப்பு ஏதுமில்லை, அவை உணவு.

மூன்று மாதம் முயன்றும் பயன் தெரியாவிடில் மாத்திரையை விட்டுவிடலாம். தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும் அதைவிட உறுதியான வழிகள். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

நாங்கள் மிகவும் அஞ்சுவது, மூன்றே நாளில் வலியை அறவே போக்கும் சூரணத்தைத்தான். மூலிகைகளின் பயன் தெரிய வாரங்கள் ஆகும். அத்தகைய வேகம் கண்டால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என ஐயுற வேண்டும். மூட்டுவலிக்கென விற்கப்பட்ட துணையுணவு ஒன்றில் டெக்சாமெத்தசோனும் டைக்ளோஃபெனாக்கும் மறைவாகக் கலந்திருந்ததை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022-இல் கண்டறிந்தது. இங்கும், பெயர்ச்சீட்டில்லாத பொட்டலத்தை மாதக்கணக்கில் உட்கொண்டு, முகம் உப்பி, சர்க்கரை கட்டுமீறிய நிலையில் வருவோரைப் பார்க்கிறோம்.

அத்தகைய சூரணத்தை நீண்ட நாள் உட்கொண்டிருந்தால், இதைப் படித்த அச்சத்தில் தாமாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். இரத்த அழுத்தம் சரிந்து, வாந்தியும் மயக்கமும் உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே வாருங்கள். படிப்படியாகக் குறைக்கும் முறையை நாங்கள் வகுத்துத் தருவோம். யாரும் கடிந்துகொள்ள மாட்டோம்.