வெளுத்த பவழம் மடிந்த பவழமன்று

தென் அந்தமானில் வண்டூர்த் துறையிலிருந்து ஜாலி பாய் தீவுக்குச் சென்று, கண்ணாடி அடித்தளப் படகில் அமர்ந்து கடலடியைக் காண்போர், கோடை கடுமையாக இருந்த ஆண்டுகளில், பாறைகள் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பர். அதனை அழகிய காட்சி எனப் பாராட்டுவோரும் உளர். வேறு சிலர், வெளுத்தவை யாவும் மடிந்தவை என முடிவு கட்டிவிடுகின்றனர். முன்னதினும் பின்னதே பெருந்தீங்கு விளைப்பது. ஏனெனில், மடிந்ததாகக் கருதப்பட்ட பவழத்தின்மீது நங்கூரம் இறக்கவும், காலூன்றி நிற்கவும், ஒரு கிளையை ஒடித்துப் பள்ளிக்கூடக் காட்சிப் பெட்டிக்கு எடுத்துச் செல்லவும் எவரும் தயங்குவதில்லை.

பவழத்தை உண்டாக்கும் உயிரைப் 'பவழப் பூச்சி' என வழங்குவர். பெயர் அவ்வாறாயினும் இது பூச்சியினம் அன்று. கடற்சாமந்தியின் உறவினமாகிய சிறு பிராணியே. இது தன் அடியில் சுண்ணாம்புக் கிண்ணமொன்றை அமைத்துக்கொண்டு அதனுள் வாழ்கிறது. இதன் உடற்சதையினுள் ஒற்றை உயிரணுவாலான நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பிராணி வெளிவிடும் கரியமில வாயுவைப் பாசி ஏற்று, சூரிய ஒளியின் துணையால் உணவு சமைத்து, அதில் பெரும்பங்கைத் தன்னைத் தாங்கும் பிராணிக்கே அளிக்கிறது. பவழத்தின் பழுப்பு நிறம் இப்பாசியால் வருவதாகும்.

வழக்கமான கோடை உச்சத்தைவிட ஏறத்தாழ ஒரு பாகை மிகுந்த வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே இக்கூட்டு வாழ்வு குலைந்துவிடுகிறது. பாசிகள் உடலினின்று வெளியேற்றப்படுகின்றன. எஞ்சிய சதை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவதாகையால், அடியிலுள்ள சுண்ணாம்பு வெண்மையாகத் தெரிகிறது. அந்தமான் கடலில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது நிகழ்ந்தது. 2010 மே மாதத்தில், இன்று சுவராஜ் தீவு எனப்படும் ஹேவ்லாக்கில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் பவழமும், சிடியாதாபூவில் ஏறத்தாழ 37 விழுக்காட்டுப் பவழமும் முற்றிலும் வெளுத்திருந்ததை ஆய்வாளர் பதிவு செய்தனர்.

வெளுத்த பவழம் உணவின்றித் தவிக்கும் பிராணியே தவிரப் பிணமன்று. இரவில் உணர்கொம்புகளை நீட்டி, மிதவை உயிர்களைப் பிடித்துண்டு சிறிது காலம் உயிர் தரிக்க அதனால் இயலும். பருவமழை மேகம் வெயிலை மறைத்து, காற்று நீரைக் கலக்கிக் குளிர்விக்குமாயின், பாசிகள் மீண்டும் பெருகி, சில மாதங்களில் நிறம் திரும்பக்கூடும்.

ஆதலின், வெண்மை மூவகைப்படும் என்பதைக் களப்பணியாளர் பிரித்தறிதல் வேண்டும். நீரில் மிதந்தபடி, கையால் தொடாமல் உற்று நோக்கினால், வெளுத்த பவழத்தின் கிண்ணங்களில் மெல்லிய சதையும், சில வேளை சுருங்கிய உணர்கொம்புகளும் புலப்படும். மேற்புறம் வெண்மையாயினும் நிழல் விழும் அடிப்புறத்தில் பழுப்பு எஞ்சியிருப்பதும் உண்டு. முட்கிரீட நட்சத்திர மீன் தின்ற இடமோ வேறு வகையது. அங்கே சதை சிறிதும் இராது. வெறும் எலும்பே கூரிய விளிம்புகளுடன் நிற்கும். வெண்பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் இடையே கோடிட்டாற்போன்ற எல்லை காணப்படும். அருகே பாறையடியில் அம்மீன் ஒளிந்திருக்கவும் கூடும். மூன்றாவது, அண்மையில் மடிந்தது. இதன் வெண்மை நெடுநாள் நில்லாது. சில நாட்களிலேயே பச்சையோ பழுப்போ ஆன பாசிப் படலம் மூடிவிடும். ஒருமுறை பார்த்து ஐயம் தீராவிடின், பத்து நாள் கழித்து மறுமுறை பார்த்தல் நன்று.

அடிபட்ட பவழம் எவ்வாறு தேறுகிறது என்பதை, வெளிநாடுகளில் இல்லங்களில் கண்ணாடித் தொட்டி அமைத்துப் பவழம் வளர்ப்போர் அனுபவத்தால் கண்டறிந்துள்ளனர். அவர்கள் முதலில் விளக்கொளியைக் குறைக்கின்றனர். நீரோட்டத்தை மிதமாகவும் இடையறாமலும் வைக்கின்றனர். வெப்பத்தையும் உப்பின் அளவையும் மாறாமல் காக்கின்றனர். மடிந்த பகுதியை வெட்டி நீக்குகின்றனர். அதன்பின் இடம் மாற்றிக்கொண்டே இராமல் விட்டுவிடுகின்றனர். காயத்தின் ஓரத்து உயிர்ச்சதை உள்நோக்கி வளர்ந்து காயத்தை மூடுகிறது. நகத்தளவுக் காயம் சில வாரங்களில் ஆறலாம். உள்ளங்கையளவு காயத்தில் பாசி முந்திக்கொள்ளும்.

இந்தியாவில் இம்முறையை வீட்டில் செய்து பார்க்க இயலாது. பாறை அமைக்கும் பவழங்கள் 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றை எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். கரையில் ஒதுங்கிய இறந்த துண்டும் இதற்கு விலக்கன்று. பள்ளிகளில் மாதிரி சேர்க்க விரும்பும் ஆசிரியர்கள் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். படமே போதுமானது.

எனினும் தொட்டியில் கற்ற பாடம் கடலுக்கும் பொருந்துவதே. கடலின் வெயிலைக் குறைக்க எவராலும் ஆகாது. ஆயினும் கலங்கலைக் குறைக்கலாம். வெளுத்த பவழத்தின்மீது வண்டல் படியுமாயின், அதனைக் கோழை சுரந்து தள்ளுவதிலேயே எஞ்சிய ஆற்றலும் தீர்ந்துவிடும். காயத்தை மூடவரும் பாசியை மேய்ந்தொழிக்கக் கிளிமீன்களும் டிரோக்கஸ் நத்தைகளும் தேவை. இந்நத்தைகள் பொத்தான் தொழிலுக்காக அந்தமானில் முன்பு ஏராளமாக எடுக்கப்பட்டவை. நோயுற்ற பாறைக்கு அருகே இவற்றைப் பிடிப்பது, மருத்துவமனையிலிருந்து தாதியரை வெளியேற்றுவதை ஒக்கும். மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளைப் பருவத்திற்கு ஒன்றாகப் பார்வையாளர்க்குத் திறக்கும் வழக்கமும், பாறைக்கு ஓய்வளிக்கும் ஏற்பாடே.

நங்கூரத்தாலோ புயலாலோ ஒடிந்த கிளை, மணலில் புரண்டு புதைந்தால்தான் மடியும். உறுதியான தளத்தில் அசையாது பொருந்தினால் வேரூன்றியதுபோல் வளரும். இவ்வியல்பைக் கொண்டே, தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் மன்னார் வளைகுடாவில் 2002 முதல் கான்கிரீட் சட்டங்களில் பவழத் துண்டுகளைக் கட்டி நட்டு வந்துள்ளனர். இது வனத்துறையின் அனுமதியோடு பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய பணி. மான்கொம்புப் பவழம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை நீளும். ஆயினும் வெப்பத்தில் முதலில் மடிவதும் அதுவே. போரைட்டிஸ் எனும் உருண்டைப் பவழம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரே வளரும்; தாக்குப் பிடிப்பதில் அதற்கு இணை அரிது.

சில இடங்களில் எவ்வுதவியும் பயன்படாது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் அந்தமானின் மேற்கே இன்டர்வியூ தீவை ஒட்டிய பாறைகள் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, நீரைவிட்டு வெளிப்பட்டு மடிந்தன. அவற்றை வெளுத்த பவழத்தோடு சேர்த்து எண்ணலாகாது.

பதிவுக்கு எளிய கருவியொன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் பவழக் கண்காணிப்புக்கென நிற அட்டை வெளியிட்டுள்ளனர். நீருக்குள் அட்டையைப் பவழத்தின் அருகே பிடித்து, நிகரான நிறத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை, அதே பவழத்தின் அதே பக்கத்தில், ஏறத்தாழ அதே வேளையில் இதனைச் செய்து, நாளும் ஆழமும் நீரின் வெப்பமும் உடன் எழுதி வைத்தால், எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது மூன்று நான்கு பதிவுகளிலேயே தெரிந்துவிடும்.