ஓர் ஊரில் பலவகை இல்லங்கள்

மாந்தர் வாழ்வு ஒரே தன்மைத்தன்று. தனித்து வாழ்வார்க்குச் சிற்றறையொன்று சாலும். மக்களைப் பெற்றார்க்கு அறைகள் பலவும் முற்றமும் வேண்டும். முதியோர்க்கோ படியேறாத சிறு வீடும் அண்டையில் துணையும் வேண்டும். ஆகலின், ஒரே அளவினவாகிய வீடுகளே நிறைந்த புறநகர், வாழ்வின் ஒரு பருவத்தாரையும் ஒரு செல்வநிலையினரையும் ஏற்று, ஏனையோரைப் புறத்தே நிறுத்துவதாகும்.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் ஹென்றியெட்டா பார்னெட் அம்மையார் (1851–1936). இலண்டனின் கீழ்த்திசைப் பகுதியாகிய ஒயிட்சாப்பலில் ஏழையரிடையே நெடுநாள் தொண்டாற்றிய அவர், செல்வரும் எளியரும் அடுத்தடுத்து வாழ்தற்குரிய ஊரொன்றை அமைக்க விழைந்தார். அவ்விழைவின் பயனாக, 243 ஏக்கர் நிலத்தில் 1907-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றதே ஹாம்ஸ்டெட் தோட்டப் புறநகர். அதனை வகுத்தவர் ரேமண்ட் அன்வின் என்னும் நகரமைப்பறிஞர். ஏக்கருக்குச் சராசரி எட்டு வீடுகளின் மிகலாகாது என்று 1906-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. மனைகளின் எல்லையில் மதிலன்றிச் செடிவேலியே அமைதல் வேண்டுமென்பதும் அவ்வூரின் கொள்கையாயிற்று.

அங்கே தொழிலாளர்க்குச் சிறு வீடுகளும் செல்வர்க்குப் பெருமனைகளும் எழுந்தன. 1909-இல் முதியோர்க்கென ‘ஆர்ச்சர்டு’ என்னும் இல்லத்தொகுதியும், தனித்து வாழ்ந்து தொழில்புரியும் மகளிர்க்கென, நடுமுற்றத்தைச் சூழ்ந்த ‘வாட்டர்லோ கோர்ட்டு’ என்னும் குடியிருப்பும் அமைந்தன. இங்ஙனம் ஒருவர் தம் பருவம் மாறியபோதும் ஊர் மாறாது வாழ வழி ஏற்பட்டது.

சிறு வீடுகள் கலந்தால் ஊரின் மதிப்புக் குன்றும் என்பாரும் உளர். ஹாம்ஸ்டெட்டின் வரலாறு அவர் கூற்றை மறுக்கின்றது. அன்று தொழிலாளர்க்கெனக் கட்டிய சிறு வீடுகளே இன்று பெருவிலை பெறுகின்றன. ஆயின், அம்மறுப்பினுள்ளேயே ஒரு துயரமும் அடங்கியுள்ளது. எவருக்காக அவ்வீடுகள் எழுந்தனவோ, அவர் போன்றார்க்கு அவை இன்று எட்டாக்கனியாயின. அழகும் அமைதியும் வாய்ந்த ஊரை நாடுவோர் பெருகினர், வீடுகளோ வரம்பிற்குட்பட்டுப் பெருகாவாயின, விலை ஏறிற்று.

இதனால் நாம் அறியத்தக்கன இரண்டு. பலவகை இல்லங்களை அமைத்தல் முதற்கடன். எளியோர் செலுத்தக்கூடிய வாடகையை நிலைநிறுத்தும் ஏற்பாட்டினை உடன்செய்தல் இரண்டாங்கடன். முன்னது வீட்டிற்கு வடிவந்தரும். பின்னதே அவ்வீட்டிற்கு உரியாரைத் தரும். இரண்டனுள் ஒன்று குறையினும், வாயில் சிறிதாயிருந்தும் எளியோர் புகவியலாத வீடுகளே எஞ்சும்.